பூச்சு பூசிய பதினாறு தகடுகள்

என் பட்டறையிலிருந்து போன இரும்பு துருப்பிடித்தது என்று இந்தத் திருச்சியில் ஒருவரும் சொல்ல முடியாது. சொல்ல விட்டதும் இல்லை. ஆறாம் வகுப்போடு உப்பிலியபுரம் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, பொன்மலையில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் இரும்பு தூக்க வந்தவன் நான். இன்று பொன்மலைக்குப் பக்கத்தில் சொந்த இடத்தில் பட்டறை, ஸ்ரீரங்கத்தில் வீடு, என்னிடம் தொழில் கற்றுத் தனியாகப் பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். இன்ஜினியரிங் படித்தவர்கள் வரைபடத்தை என் முன்னால் விரித்துவிட்டு, "நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். எந்த மூலையில் விரிசல் விடும் என்று சொல்வேன். அந்த மூலையில்தான் விடும்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாமானும் பூச்சு இல்லாமல் வாசலைத் தாண்டாது. கறுப்பு இரும்புக்கு ரெட் ஆக்சைடு, பளபளப்பு தெரிய வேண்டியதற்கு நிறமில்லாத லாக்கர் வார்னிஷ். வெல்டிங்கை யார் வேண்டுமானாலும் வைக்கலாம், அளவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசிப் பூச்சு மட்டும் என் கை. பிரஷைக் கீழே வைக்கும்போதுதான் அது நான் செய்த சாமான் என்று எனக்கே தோன்றும்.

அந்தப் பிரஷ் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். இதுவரை நான்கு பேரிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வரும் பாதி அது. முழுவதும் இதுதான்.

வேலையைக் கொண்டுவந்தவர் என் சிநேகிதர். ரயில்வே பட்டறையில் சக்கரம் தட்டி ஓய்வு பெற்றவர். சுத்தியலால் சக்கரத்தில் ஒரு தட்டு. எழும் ஓசையைக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்வது அவர் வேலை. நான் இரும்பு தூக்கிய காலத்தில் அவருக்கு நிரந்தர உத்தியோகம். அதை இன்றுவரை எனக்கு ஞாபகப்படுத்துவார். இன்று என்னிடம் இருப்பதையெல்லாம் நானும் அவருக்கு ஞாபகப்படுத்துவேன். மனைவி போன பிறகு அவருக்கு இருப்பது ஒரே மகள். பொன்மலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண், இப்போது ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. அவளை அழைத்துக்கொண்டு ஒருநாள் காலை பட்டறைக்கு வந்தார்.

"மாமா, எனக்குப் பதினாறு நங்கூரம் வேணும்" என்றாள், உட்கார்வதற்கு முன்பே.

"கப்பலுக்கா?"

"பெட்டிக்கு."

பிறகு என் மேஜையில் இருந்த வெல்டிங் ராடுகளை எடுத்து அடுக்கிக் காட்டிச் சொன்னாள். இந்தியப் பெருங்கடலுக்குள், தெற்கே வெகுதூரத்தில், மூன்று கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் ஒரு மேட்டு நிலம் கிடக்கிறது. தமிழ்நாட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தால் ஓரமாகக் கிடக்குமாம். அவ்வளவு பெரியது. அடியிலிருந்து எரிமலைக் குழம்பு கொட்டிக் கொட்டி உயர்ந்ததா, இல்லை எப்போதோ ஒரு பெரிய நிலத்திலிருந்து உடைந்துபோன துண்டா என்பது தெரியவில்லை. அங்கே பூமியின் மேலோடு எத்தனை தடிமன், உள்ளே எத்தனை அடுக்கு என்று பார்த்தால்தான் தெரியும்.

"மூணு கிலோமீட்டர் தண்ணிக்குக் கீழ இருக்கிறதை எப்படிம்மா அளப்பே?"

"கப்பலுக்குப் பின்னாடி காத்துத் துப்பாக்கியை இழுத்துக்கிட்டே போவோம். காத்தை அடைச்சு ஒரே வெடியாத் தண்ணிக்குள்ள விடுவோம். அந்த அதிர்வு கீழ இறங்கி, தரைக்குள்ள போய், ஒவ்வொரு அடுக்கிலயும் வளைஞ்சு திரும்பி வரும். தரையில என் பெட்டிங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கும். எந்த வெடி எத்தனை நேரத்துல வந்துச்சுன்னு எழுதி வச்சுக்கும்."

சிநேகிதர் மீசையைத் தடவினார். "சக்கரம் தட்டுற வேலைதான்யா. எனக்குச் சர்க்கார் சுத்தியல் குடுத்துச்சு, என் பொண்ணுக்குக் கப்பல் குடுத்திருக்கு."

எனக்கு உடனே பிடிபட்டது. படித்தவர்களுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும்.

பெட்டி என்பது கண்ணாடிக் கோளம், அதற்குமேல் பிளாஸ்டிக் ஓடு. தானாக விட்டால் மிதக்கும். அதைக் கீழே இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்கத்தான் இரும்பு நங்கூரம். வேலை முடிந்ததும் நங்கூரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டி மட்டும் மேலே வர வேண்டும். இரண்டையும் இணைப்பது ஒரு எஸ்.எஸ். தகடு, அதாவது துருப்பிடிக்காத எஃகு, விரல் நீளம், தாள் மாதிரி மெலிசு. கப்பலிலிருந்து ஒரு கூவல் சத்தம் கீழே போனதும் பெட்டி தன் பேட்டரியிலிருந்து தகட்டுக்குக் கரண்ட் விடும். உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்தால் தகடு கரையும். பத்து நிமிடத்தில் அறும். பெட்டி கிளம்பும்.

"இது இன்னும் கொஞ்சம் தடிமனா இருக்கட்டுமேம்மா."

"வேணாம் மாமா. அறுந்து போகணும். அதுக்குத்தான் அது." பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "தகட்டைக் கடல் தண்ணி நேராத் தொடணும். வெறும் தகடா இருக்கணும். இந்தக் கப்பல் கிடைக்க மூணு தடவை கேட்டு மூணாவது தடவைதான் குடுத்திருக்காங்க. பெட்டி மேல வரலைன்னா அது கேட்டது எல்லாம் அதோட போச்சு. திரும்ப ஒரு தடவை குடுக்க மாட்டாங்க."

இருபத்துநாலு தகடு வெட்டினேன். அளவு மயிரிழை பிசகவில்லை. அவள் வந்து இரண்டை எடுத்து வாளித் தண்ணீரில் கல் உப்பைக் கரைத்துப் போட்டு, கார் பேட்டரியை இணைத்துப் பார்த்தாள். ஒன்பது நிமிடத்தில் ஒன்று, பத்தில் ஒன்று. "சூப்பர் மாமா" என்று சொல்லி, மற்றதைக் கட்டி அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கட்டுவதற்கு முந்தின நாள் அந்தத் தகடுகளைத் துணிமேல் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். லாரியில் துறைமுகம் போகும். அங்கே உப்புக்காற்றில் கிடக்கும். கப்பலின் மேல்தளத்தில் நாள்கணக்கில் அலை அடிக்கும். எஸ்.எஸ். என்றாலும் உப்பு புள்ளிப்புள்ளியாக அரிக்கும், நான் பார்த்திருக்கிறேன். தரைக்குப் போகுமுன்பே புள்ளி விழுந்து பாதி வழியில் அறுந்தால்? என் பெயர் என்னாகும்? அவள் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாக விழுந்தது. ஆனால் நான் வெல்டர். பெயிண்ட் அடித்த இரும்பில் ராடை வைத்தால் பெயிண்ட் பொசுங்கி ஓடுவதை ஐம்பது வருடமாகப் பார்க்கிறவன். கரண்ட் பாயும் இடத்தில் ஒரு லாக்கர் எம்மாத்திரம், எரிந்துவிடும் என்று நினைத்தேன். மீதி இருபத்திரண்டுக்கும் மெல்லிசாக, ஒரே கை, ஒரே ஓட்டம். காய்ந்த பிறகு பூச்சு இருப்பது எனக்கே தெரியவில்லை. அத்தனை நேர்த்தி.

பதினாறு தகடும் நங்கூரங்களோடு போயின. ஆறு என்னிடம் தங்கின.

கப்பல் புறப்பட்ட நாளிலிருந்து பட்டறைப் பக்கம் வந்தவர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் போக முடியாது. என் இரும்பு கடலடியில் என்று ஆரம்பிப்பேன். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மதியம் சிநேகிதர் வந்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இங்க வாங்கய்யா. கடலுக்கடியில என்ன நடக்கும்னு காட்டுறேன்."

என்னிடம் வேலை பார்க்கும் வெல்டர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கல் உப்பைக் கரைத்தேன். மிச்சமிருந்த தகடுகளில் ஒன்றைக் கம்பியில் கட்டி, கீழே ஒரு நட்டைத் தொங்கவிட்டு, பேட்டரியை இணைத்தேன்.

"பத்து நிமிஷம். அறுந்து நட்டு கீழ விழும். டொக்குன்னு கேக்கும் பாருங்க."

அவள் செய்து காட்டியபோது கரண்ட் கொடுத்த உடனே நுரை கிளம்பி, தண்ணீர் பச்சையாகக் கலங்கியது. இப்போது தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று.

"யோவ், உன் தகடு உன்னை மாதிரியே அடம் பிடிக்குதே" என்றார் சிநேகிதர்.

"இருய்யா."

இருபத்தைந்து. டீ குடித்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் போகிற போக்கில், "பெரியவர் தகடு செஞ்சா அறுமா?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.  தண்ணீருக்குள் தகடு பளபளவென்று தொங்கியது. அந்தப் பளபளப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அரை மணி ஆனபோது சிநேகிதர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது.

"ஏன்யா அறலை?"

"பேட்டரி வீக்கு. உப்பும் பத்தலை" என்றேன்.

அவர் நம்பினார். நாற்பது வருடச் சிநேகிதம், ஏன் நம்பாமல்? "நல்ல பேட்டரி வாங்கி வையி" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த தகட்டை எடுத்தேன். பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தேன். அதே வாளி, அதே உப்பு, அதே பேட்டரி. இணைத்த உடனே நுரை. ஒன்பதாவது நிமிடம் நட்டு அடியில் போய் விழுந்தது.

டொக்.

வெல்டர், "அறுந்துடுச்சு முதலாளி!" என்று சந்தோஷமாகச் சொன்னான்.  ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன். பதினாறு பெட்டி. மூன்று கிலோமீட்டர் தண்ணீர். ஒவ்வொன்றையும் என் பூச்சு கீழே பிடித்து வைத்திருக்கிறது.

யாருக்கும் தெரியாது என்பதும் அதே நிமிடத்தில் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன். லாக்கர் கண்ணுக்குத் தெரியாது. பெட்டி வராவிட்டால் தகடும் வராது. கடல் என்றால் ஆயிரம் இருக்கும், பேட்டரி போயிருக்கும், சேற்றில் புதைந்திருக்கும் என்று அவர்களே காரணம் எழுதிக்கொள்வார்கள். வாளியில் அறாமல் போனதையும் மீதி நான்கு தகட்டையும் தின்னரில் துடைத்துவிட்டால் உலகத்தில் சாட்சி கிடையாது. துணி கையில்தான் இருந்தது.

துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காவிரிப் பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை. அந்தப் பெண் கப்பலிலிருந்து பெட்டிகளைக் கீழே இறக்கிக்கொண்டிருப்பாளா, இறக்கி முடித்திருப்பாளா என்று நாளை விரல் விட்டு எண்ணினேன். பெட்டி இறக்கும் நாள் சரியாக இதுதான் என்று கணக்கு வந்து நின்றது.

என் மனைவி கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவே இல்லை. முடிந்ததும் கேட்டாள்.

"அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. நாளைக்கு நிதானமா…"

"கப்பல் உங்க நிதானத்துக்கா நிக்கும்? எந்திரிங்க. நானும் வரேன். தனியா விட்டா பாதியில பேச்சை மாத்திடுவீங்க."

பொழுது இறங்குகிற நேரத்துக்கு சிநேகிதர் வீட்டில் இருந்தோம். அவர் டிவியைக் குறைத்துவிட்டு, காப்பி போட எழுந்தார். நான் பாலத்து நெரிசலைப் பற்றி ஆரம்பித்தேன். மனைவி, "ஏங்க" என்றாள். அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டேன்.

அவர் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"தண்ணி நேராத் தொடணும்னு அவ சொன்னாளா, இல்லையா?"

"சொன்னா."

"நீ கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"கரண்ட்ல எரிஞ்சிடும்னு நெனச்சேன்."

"நெனச்சே." டிவியை அணைத்துவிட்டு, "மத்தியானம் பேட்டரி வீக்குன்னு சொன்னியே, அது?"

அவர் அலமாரியிலிருந்து மகள் எழுதிக்கொடுத்த ஆராய்ச்சி நிலையத்து போன் நம்பரை எடுத்துவந்து என் மடியில் போட்டார். "பேசு. என் முன்னாலயே பேசு."

நிலையத்தில் எடுத்தவர் கப்பலுக்கு உடனே செய்தி அனுப்புவதாகச் சொன்னார். காலை ஏழரை மணிக்குக் கப்பலிலிருந்தே அழைப்பு வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இடைவெளி. நான் சொல்லி முடித்த பிறகு வந்த இடைவெளி மட்டும் போனின் கோளாறு இல்லை.

"பதினாறுக்குமா மாமா?"

"பதினாறுக்கும்மா."

"பதினொண்ணு இறக்கியாச்சு. அஞ்சு மேல இருக்கு. அதைத் துடைச்சுக்கலாம்." "கப்பல்ல ஒரு தகட்டை எடுத்து டெஸ்ட் பண்ணியிருக்கணும். பண்ணல. உங்க வேலைன்னு பண்ணல."

வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கடைசி வார்த்தை மாதிரி எதுவும் உள்ளே போனதில்லை.

"பூச்சு உள்ள தகடு உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"கரண்ட் படாதது நாலு."

"நாலையும் இப்பவே போடுங்க. எத்தனை நேரத்துல அறுதுன்னு எனக்கு வேணும். தண்ணியில ஐஸ் போட்டுக்கிட்டே இருங்க, அடியில அவ்வளவு குளிரு. சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுறேன். அறும்னா பெட்டியைக் கீழயே விட்டுட்டு வேலையை நடத்துவேன். அறாதுன்னா இப்பவே ஒவ்வொண்ணாக் கூவி எடுக்கப் பாக்கணும். அப்படின்னா இந்தப் பயணம் அவ்வளவுதான்."

மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வந்தது. நான்கு வாளி, நான்கு பேட்டரி, ஒன்பது மணிக்கு ஒரே நேரத்தில் ஆரம்பம். பட்டறையில் மற்ற வேலை எல்லாவற்றையும் நிறுத்தினேன். சிநேகிதர் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். சக்கரம் தட்டுகிறவர் ஓசைக்குக் காத்திருப்பது எப்படி என்று அன்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து.

பத்து மணி. ஒன்றுமில்லை. பத்தரை. முதல் வாளியில் தகட்டின் துளை ஓரத்தில், பூச்சு மெலிந்த இடத்தில், ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழி. பிறகு இன்னொன்று. நான் மண்டியிட்டு வாளிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானாகப் பூசிய பூச்சு எங்கேயாவது மோசமாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் முதன்முதலாக வேண்டிக்கொண்டேன்.

பத்து ஐம்பதுக்கு முதல் நட்டு விழுந்தது. சிநேகிதர் கண்ணைத் திறக்காமல், "ஒண்ணு" என்றார்.

இரண்டாவது பதினொன்று இருபதுக்கு. மூன்றாவது வாளியில் குமிழி வந்தது, நின்றது, திரும்ப வந்தது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அறுந்தது. நான்காவதில் அசைவே இல்லை. மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. ஐஸ் கரையக் கரைய வெல்டர் கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மணி. மூன்று மணி. பேட்டரியை மாற்றினோம். அந்தத் தகட்டில் என் கை நன்றாக ஓடியிருக்கிறது. ஒரு ஓட்டை கிடையாது.

நான்கு மணிக்குப் போன் அடித்தது. மூன்றையும் சொன்னேன்.

"நாலாவது?"

"அறுந்துடுச்சு" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நாலும் அறுந்தது என்றால் அவள் நிம்மதியாக வேலை செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவள் நிம்மதிக்காக இல்லை என்பதும் தெரிந்தது. சிநேகிதர் இப்போது கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"அறலைம்மா. ஏழு மணி நேரம் ஆச்சு. அப்படியே இருக்கு."

காகிதம் புரளும் சத்தம்.

"பெட்டி பேட்டரி மூணு மணி நேரம்தான் கரண்ட் குடுக்கும் மாமா. மூணாவது தகடு விளிம்புல நிக்குது. நாலுல ஒண்ணு வராமலே போகலாம்." பிறகு, தனக்குள் கணக்குப் போடுகிறவள் மாதிரி மெதுவாக: "இப்ப எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப இறக்க நாள் பத்தாது. வேலையை நடத்துறேன். கப்பல் வெடிச்சுக்கிட்டே போக வேண்டிய கடைசிக் கோடு ஒண்ணை விட்டுடுறேன், அந்த நேரத்தைப் பெட்டி எடுக்க வச்சுக்கிறேன். நீங்க சொல்லலைன்னா பத்து நிமிஷத்துல வரலைன்னு விட்டுட்டுப் போயிருப்போம். இப்ப ஒவ்வொண்ணுக்கும் மூணு மணி நேரம் நிப்போம்." அழைப்பு முடிவதற்கு முன் ஒன்று சொன்னாள். "சொன்னதுக்கு தேங்க்ஸ் மாமா. ஆனா என்கிட்ட நல்ல வார்த்தை இப்ப எதிர்பாக்காதீங்க."

பதினொரு நாள் எந்தச் செய்தியும் இல்லை. பெட்டிகள் கேட்டுக்கொண்டிருக்கும், கப்பல் வெடித்துக்கொண்டே போகும் என்று நினைத்துக்கொள்வேன். பிரஷைத் தொடவில்லை. பூச்சில்லாமல் இரண்டு கேட் வாசலைத் தாண்டின. வெல்டர் பெயிண்டரைக் கூப்பிட்டு வெளியில் வைத்து அடித்துக் கொடுத்தான்.

பன்னிரண்டாம் நாள் சிநேகிதர் போன் செய்தார். "ஒண்ணு" என்றார். வைத்துவிட்டார்.

அப்படித்தான் மூன்று நாள். துடைத்த ஐந்தும் முதலில் வந்தன, மடமடவென்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவில் மணிக்கணக்கு. ஆறு. ஏழு. எட்டு. சாப்பிடும்போது, பேங்கில், சலூனில். எண்ணை மட்டும் சொல்வார், வைப்பார். என் மனைவி காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, "பெருமாள்கிட்ட இன்னும் எட்டு பாக்கின்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். சம்பந்தி வீட்டார் முக்கொம்பு அணைக்குப் போகலாம் என்று வந்திருந்தார்கள். மறுக்க முடியாமல் போனேன். எல்லோரும் மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட, நான் மதகுக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் இரைச்சலில் மணி கேட்காதோ என்று பயம்.

"பதினாலு."

கார் நிறுத்தத்தில் இருக்கும்போது, "பதினஞ்சு."

அதன்பிறகு அடிக்கவில்லை. மறுநாள் முழுக்க அடிக்கவில்லை. அடுத்த நாள் நானே கூப்பிட்டேன்.

"கூவினாப் பதில் கூவுதாம்யா" என்றார் அவர். "உயிரோட இருக்கு. மேல மட்டும் வரலை. ஒரு நாள் பூரா நின்னு பாத்துட்டுக் கப்பல் கெளம்பிடுச்சு." போனை வைக்குமுன், "கெளம்பும்போதும் கூவினாளாம். அப்பவும் பதில் சொல்லுச்சாம்."

அவள் பட்டறைக்கு வந்தது ஏழெட்டு மாதம் கழித்து. வெயிலில் கறுத்திருந்தாள். மேஜையில் ஒரு நீளக் காகிதத்தை விரித்தாள். மேட்டு நிலத்தை நெடுக்கே அறுத்துக் காட்டிய படம். மேலே கடல். அடியில் ஒவ்வொரு அடுக்கும் ஒரு நிறம். ஓரங்களில் மேலோடு மெலிசு. உள்ளே போகப் போக அடியடுக்கு பருத்துக்கொண்டே போகிறது.

"எரிமலைக் குழம்புதான்னு தோணுது மாமா. அடியடுக்குல அதிர்வு அவ்வளவு வேகமாப் போகுது. கனத்த கல்லு. ரெண்டு ஓரமும் அப்படித்தான் சொல்லுது."

"நடுவுல?"

படத்தின் நடுவில் கோடுகள் புள்ளிப்புள்ளியாக இருந்தன. விரலை அங்கே வைத்தாள்.

"இங்கதான் மேலோடு எல்லாத்தைவிடத் தடிமன். அதுக்கு நேரா மேல உக்காந்திருந்த பெட்டிதான் வரலை. அடியில பழைய நிலத்துத் துண்டு ஏதாவது மாட்டிக்கிட்டு இருந்தா, இந்த இடத்துலதான் இருக்கணும். அங்க மட்டும் உறுதியாச் சொல்ல முடியலை. எழுதுற எடத்துல எல்லாம் 'இருக்கலாம்'னு போட்டிருக்கேன்."

சிநேகிதர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செய்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும். அன்று அந்த வாளியை நான் வைத்திருக்காவிட்டால் பதினாறும் போயிருக்கும். திருச்சியில் வேறு யாரும் தன் தகட்டைத் தானே இப்படிப் பரிசோதித்துத் தன் வாயாலேயே சொல்லியிருக்க மாட்டார்கள். இதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். விரல் இன்னும் அந்தப் புள்ளிக்கோட்டின்மேல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"திரும்பக் கேட்டிருக்கேன்" என்றாள். "பதினஞ்சு வந்ததாலதான் கேக்கவாவது முடிஞ்சுது. குடுத்தா நங்கூரம் நீங்கதான் செய்யணும். அப்பா அதுல பிடிவாதம்." காகிதத்தைச் சுருட்டினாள். "தகடு மட்டும் நானே வெட்டிக்கிறேன் மாமா."

"சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

கப்பல் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆனால் நங்கூரம் பதினாறையும் முன்கூட்டியே செய்துவிட்டேன். தகட்டுக்கு அவள் சொன்னதுபோல இவையும் பூச்சில்லாத வெறும் இரும்பு. முன்பக்க வாசலை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. இரண்டு மழை பார்த்துவிட்டன. தொட்டால் கையில் செம்மண் மாதிரி ஒட்டுகிறது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள்.

"என்ன பெரியவரே, உங்க பட்டறை இரும்பு துருப்பிடிச்சுக் கிடக்கு?"

"ஆமாய்யா. பிடிக்கட்டும்" என்கிறேன்.

சிநேகிதர் வரும்போதெல்லாம் சுத்தியலால் ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். பதினாறும் தட்டி முடித்துவிட்டு உள்ளே வந்துதான் என் முகத்தைப் பார்ப்பார்.